கர்சர் பாதியில் நிற்கிறது, எர்ரரும் வரவில்லை. உதவி தேவை

நெல்மணி: புரொசீஜரில் (டேட்டாபேஸுக்குள் சேமித்த நிரல்) கர்சர் (பதிவுகளை ஒவ்வொன்றாக எடுக்கும் வசதி) வைத்து 840 வாடிக்கையாளரின் பாக்கியைப் போடுகிறேன். 313 பேரோடு லூப் நின்றுவிடுகிறது. நாளைக் காலை ரிப்போர்ட் தரணும். அவசரம்.

தறிக்காரன்: எந்த டேட்டாபேஸ்? ஹேண்ட்லர், அதாவது குறிப்பிட்ட நிலை வந்தால் ஓடும் பகுதி, என்ன எழுதியிருக்கிறீர்கள்?

வைகைக்கரை: டைம்அவுட்டாகத்தான் இருக்கும். எனக்கும் இப்படி ஆனது.

நெல்மணி: மைஎஸ்க்யூஎல் 8. இரண்டே நொடியில் முடிகிறது, எப்போதும் அதே 313. 'நாட் ஃபவுண்ட்' (எதுவும் கிடைக்கவில்லை) வந்தால் 'முடிந்தது' மாறியை 1 ஆக்கிவிட்டுத் தொடரும் கண்டின்யூ ஹேண்ட்லர்; அது 1 ஆனால் லூப் முடியும்.

மூத்தவன்: அடிப்படையைப் படிக்காமல் கர்சரில் கைவைத்தால் இப்படித்தான். டிக்ளேர் (அறிவிப்பு) வரிசையைச் சரிபாருங்கள்: முதலில் மாறிகள், அடுத்து கர்சர், கடைசியில் ஹேண்ட்லர்.

தறிக்காரன்: ஐயா, வரிசை தப்பினால் 1337 அல்லது 1338 எர்ரர் வந்து புரொசீஜர் உருவாகவே உருவாகாது. இவருடையது ஓடுகிறதே. நெல்மணி, லூப்புக்குள் செலக்ட் இன்டோ (டேபிளிலிருந்து மதிப்பை எடுத்து மாறியில் போடுவது) இருக்கிறதா?

நெல்மணி: இருக்கிறது. கடைசியாகக் கட்டிய தொகையை எடுக்க.

தறிக்காரன்: அதுதான் காரணம். ஃபெட்ச்சுக்கு (கர்சரின் அடுத்த பதிவை எடுப்பது) பதிவுகள் தீர்ந்தாலும் சரி, செலக்ட் இன்டோவுக்கு ஒன்றும் கிடைக்காவிட்டாலும் சரி, இரண்டுமே அதே நாட் ஃபவுண்ட்தான், எஸ்க்யூஎல்ஸ்டேட் என்ற நிலைக்குறியீடு 02000. ஹேண்ட்லருக்கு வித்தியாசம் தெரியாது. 313-ஆவது ஆள் பணமே கட்டியிருக்க மாட்டார். 'முடிந்தது' அங்கேயே 1 ஆகிவிட்டது. அதைவிட மோசம், தொகை மாறியில் பழைய மதிப்பு அப்படியே நிற்கும். 312, 313 இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த செலக்டை மட்டும் உள்ளே ஒரு தனி பிகின்–எண்ட் தொகுதிக்குள் போட்டு, அதற்கென்று ஒரு நாட் ஃபவுண்ட் ஹேண்ட்லர் வைத்துத் தொகையை 0 ஆக்குங்கள். வெளி ஹேண்ட்லர் வரை போகாது.

வைகைக்கரை: ஆரக்கிள் டேட்டாபேஸில் இந்தத் தொல்லையே இல்லை. கர்சர் தீர்ந்தால் எக்செப்ஷன் (பிழை) வராது, செலக்ட் இன்டோவுக்கு மட்டும்தான் வரும்.

மூத்தவன்: இதற்குக் கர்சரே எதற்கு? லெஃப்ட் ஜாயினோடு (பணம் கட்டாதவரையும் விடாமல் டேபிள்களை இணைப்பது) ஒரே அப்டேட் போதும்.

தறிக்காரன்: பாக்கிக் கணக்குக்குப் போதும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு பதிவில் பிழை வந்தால் அதை மட்டும் பிழை டேபிளில் குறித்துவிட்டு அடுத்ததுக்குப் போக வேண்டுமென்றால்? ஒரே அப்டேட் என்றால் இன்னோடிபியில் (மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு எஞ்சின்) மொத்தமும் ரோல்பேக் ஆகி, செய்த மாற்றமெல்லாம் திரும்பிவிடும்.

மூத்தவன்: டேட்டாவை முன்கூட்டியே சுத்தம் செய்தால் அந்த நிலையே வராது.

வைகைக்கரை: வெளியிலிருந்து வரும் டேட்டாவை எங்கே சுத்தம் செய்வது?

நெல்மணி: 840-உம் வந்துவிட்டது. 312, 313 இரண்டு பேருக்கும் 4,750 என்றே விழுந்திருந்தது. மிக்க நன்றி.