புதுப்பிப்பு: அப்புச்சியின் கை நடுக்கத்துக்கு ஒலியலை சிகிச்சை

கோபியில் இருக்கும் எங்கள் அப்புச்சிக்குக் கை நடுக்கம், மாத்திரைக்கு அடங்கவில்லை, மண்டையைத் திறக்காமல் ஒலியலையால் சரிசெய்ய முடியுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

‘முதலில் சி.டி. ஸ்கேன் எடுத்து, மண்டை எலும்பு அலையை உள்ளே விடுமா என்று பாருங்கள்’ என்ற யோசனைதான் கைகொடுத்தது. எலும்பின் அடர்த்தி விகிதம் (மண்டை எலும்பின் உள்ளே பஞ்சுபோன்ற பகுதியின் அடர்த்தியை வெளிக் கெட்டிப் பகுதியோடு ஒப்பிடும் எண்) 0.4க்கு மேல் இருந்ததால் டாக்டர்கள் ஒத்துக்கொண்டார்கள். தலையில் மாட்டும் கவசத்தில் ஒலியலையை அனுப்பும் 1,024 அலைமுனைகள். எலும்பில் அலை பிசகுவதை அந்த ஸ்கேனை வைத்தே திருத்தி, மூளையின் நடுவே இருக்கும் தாலமஸ் என்ற பகுதியில் ஒரே புள்ளியில் குவித்து, நடுக்கத்துக்குக் காரணமான இடத்தைச் சூட்டால் செயலிழக்க வைக்கிறார்கள். எம்.ஆர்.ஐ.க்குள் விழித்தபடியே படுத்திருந்தார். ஒவ்வொரு சூட்டுக்கும் அப்புறம் சுருள் வரையச் சொன்னார்கள். கடைசிச் சுருளில் கோடு நடுங்கவே இல்லை!

எதிர்பாராதது: மொட்டை அடிக்கவேண்டும். நடையில் தள்ளாட்டம் சில வாரம் இருந்து குறைந்தது. வலக்கைக்கு மட்டும்தான் செய்தார்கள், இடக்கை இன்னும் நடுங்குகிறது.