14 மாசத்துல ரிப்பேருக்கே 70,000 போச்சு, இப்ப ஹெட் கேஸ்கெட்டாம்... வண்டிய விக்கவா வச்சிருக்கவா?

குளச்சல் தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். எனக்க கார் 2012 மாடல் டீசல், போன வருஷம் செகண்ட் ஹேண்டுல 2,35,000 குடுத்து வாங்கினேன். அம்மைய மாசம் ரெண்டு தடவ ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு கொண்டு போகணும், பஸ்ல ஏற முடியாது அவங்களுக்கு, அதுக்குத்தான் வாங்கினதே. வாங்கி மூணாவது மாசம் கிளட்ச் 14,000, அப்புறம் ஆல்டர்னேட்டர் 9,500, ஏசி கம்ப்ரசர் 22,000, இன்ஜெக்டர் 18,000, வாட்டர் பம்பு 6,500. இப்ப ஹீட் ஆவுது. ரோட்டுல ஓடும்போது ஒண்ணும் இல்ல, திங்கள்சந்தையில பிளாக்ல நின்னா முள்ளு மேல ஏறிடுது. போன வாரம் அம்மைய வச்சிட்டு வெயில்ல முக்கா மணி நேரம் ரோட்டோரம் நின்னேன், அவங்க ஒண்ணுமே சொல்லல, அதுதான் எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. ஒர்க்‌ஷாப்ல ஹெட் கேஸ்கெட் (இன்ஜினுக்கும் அதுக்க மேல் பாகமான ஹெட்டுக்கும் நடுவுல உள்ள சீல்) போயிருக்கும், கழற்றிப் பாக்கணும், 35,000 ஆவும்னு சொல்றாங்க. என்ன செய்ய?

தக்கலை மெக்கானிக்:
மக்கா, பைசா குடுக்கதுக்கு முன்ன கொஞ்சம் பொறு. ஓடும்போது சரியா இருந்து நிக்கும்போது மட்டும் ஹீட் ஆனா முதல்ல பாக்க வேண்டியது பானெட்டுக்குள்ள உள்ள ரேடியேட்டர் ஃபேன். ஓடுற வண்டிக்கு எதிர்காத்து கிடைக்கும், நிக்கிற வண்டிக்கு ஃபேன் மட்டும்தான். வண்டிய ஸ்டார்ட் பண்ணி ஏசிய போடு, ஃபேன் சுத்துதான்னு பாரு. சுத்தலன்னா ஃபியூஸ், ரிலே, மோட்டார் மூணையும் ஆட்டோ எலக்ட்ரீசியன்கிட்ட காட்டு. ஹெட் கேஸ்கெட் போனா அடையாளம் வேற மாதிரி இருக்கும், காலையில ஆறின வண்டிய ஸ்டார்ட் பண்ணினதும் கூலண்ட் (இன்ஜின் சூட்ட ஆத்துற திரவம்) டப்பாவுல குமிழி குமிழியா விடாம வரும், மேல் ஹோஸ் ரெண்டு நிமிஷத்துலயே கல்லு மாதிரி இறுகும், ஆயில் கேப்புக்கு அடியில பால்சாயா கலர்ல கெடக்கும், சைலன்சர்ல வெள்ளப் புகை நிக்காது. இதுல ஒண்ணும் இல்லன்னா ஹெட்ட தொடவே விடாத. சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடிய மட்டும் திறந்திராத, கொதிக்கிற தண்ணி மூஞ்சில அடிக்கும்.
இன்னொண்ணு, ரேடியேட்டர்ல என்ன ஊத்துத? உங்க பக்கம் போர் தண்ணி உப்புல்லா, அத ஊத்தினா உள்ள துருவும் சுண்ணாம்பும் பிடிச்சி அடச்சிரும். கூலண்டும் பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி, அதுதான் கணக்கு.

இரணியல் டீச்சர்:
தம்பி நான் இதே மாதிரி ஒரு வண்டிய நாலு வருஷம் வச்சிருந்தேன், இந்த செலவு தான் கடைசின்னு ஒவ்வொரு தடவையும் நினைப்பேன், அப்படி நினைச்சி நினைச்சே போட்ட பைசாவுல இன்னொரு வண்டி வாங்கியிருக்கலாம். 70,000த்த 14 மாசத்துக்கு வகுத்துப் பாருங்க, மாசம் 5,000. இது ரிப்பேருக்கு மட்டும், டீசலும் இன்சூரன்சும் தனி. எங்க வீட்டுக்குப் பக்கத்துல உள்ள டாக்ஸிக்காரர் ஆஸ்பத்திரிக்கு போயி காத்திருந்து கூட்டிட்டு வர 1,500 வாங்குதார், உங்களுக்கு ரெண்டு ட்ரிப்னா 3,000. போட்டத நினைச்சி இனியும் போடாதீங்க. அப்புறம் 2012 வண்டின்னா 2027ல ஆர்சி 15 வருஷம் முடியும், புதுப்பிக்க ஃபீஸே 5,000, வண்டிய ஆர்டிஓ ஆபீஸ்ல காட்டவும் செய்யணும். அது நெருங்க நெருங்க விலை கேக்க ஆள் வராது.

மணவாளக்குறிச்சி:
விக்கிறதுன்னாலும் வைக்கிறதுன்னாலும் வண்டிய ராம்புல ஏத்தி அடிய ஒரு தடவ பாருங்க. கடல்காத்துல எனக்க வண்டிக்கு ஃப்ளோரே ஓட்டையாச்சு, மேல பெயிண்ட் பளபளன்னு இருந்துச்சு. அடியில துரு ஏறியிருந்தா இன்ஜின் வேலை பாக்கதே வேஸ்ட்.

குளச்சல் தம்பி:
அண்ணே ரொம்ப நன்றி, நீங்க சொன்னபடி காலையில பாத்தேன். குமிழி இல்ல, ஆயில் கேப் சுத்தமா இருக்கு. ஏசி போட்டா ஃபேன் அனங்கவே இல்ல. எலக்ட்ரீசியன் மோட்டார் எரிஞ்சி போச்சின்னு சொன்னார், மாத்த 4,200. ரேடியேட்டர்ல இருந்து வந்த தண்ணி காவிக் கலர்ல இருந்துச்சு, வாங்கின நாள்ல இருந்து கிணத்துத் தண்ணி தான் ஊத்திட்டு இருந்தேன், யாரும் சொல்லித் தரல.
டீச்சர், உங்க கணக்க அம்மைகிட்ட வாசிச்சி காட்டினேன். ஃபேன மாத்திட்டு, ஓடுற கண்டிஷன்லயே வித்துரலாம்னு இருக்கோம், வாங்க வாரவங்ககிட்ட ஹீட் ஆன விஷயத்தையும் சொல்லித்தான் குடுப்பேன். அந்த டாக்ஸி அண்ணன் குளச்சல் வரைக்கும் வருவாரா, கேட்டு சொல்லுங்க.