ஜெபிக்கிற விதங்கள்: நாங்கள் பார்த்தவை

நாசரேத் (தூத்துக்குடி மாவட்டம்) பக்கத்திலிருந்து:

எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு முன் குடும்ப ஜெபம் கட்டாயம். ஒரு கீர்த்தனை, அப்புறம் ஆளுக்கொரு வசனமாக ஓர் அதிகாரம், முடிவில் அப்பா ஜெபம். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கும் ஒரு வசனம் உண்டு. அது படித்து முடிக்கும்வரை எல்லாரும் காத்திருப்போம். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1715இல் தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். வேதம் கோயிலைத் தாண்டி வீட்டுக்குள் வந்ததற்கு அதுதான் தொடக்கம்.

ஆனால் எனக்கு ஜெபத்தைப் பழக்கியது அம்மாவின் அடுக்களை. உலை வைக்கும்போதெல்லாம் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார். அப்போது உதடு அசையும். யாருக்காக என்று கேட்டால் சொல்லமாட்டார். அந்தப் பிடியரிசி கோயிலுக்குக் காணிக்கையாகப் போகும். கையில் காசு இல்லாத மாதத்திலும் அம்மா கோயிலுக்குக் கொடுக்காமல் இருந்ததில்லை.

கோயிலின் பிரதிஷ்டைப் பண்டிகை வந்தால் அசனம், ஊருக்கே பொதுப் பந்தி. ராத்திரி முழுக்க ஊரே உட்கார்ந்து காய் நறுக்கும். சென்னையிலும் மும்பையிலும் இருப்பவர்கள் லீவு போட்டு வந்துவிடுவார்கள். இந்து வீட்டுக்காரர்களும் எங்களோடு பந்தியில் உட்காருவார்கள். மிஞ்சுகிற சோறும் குழம்பும் வாளி வாளியாக வீடுகளுக்குப் போகும். அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து உள்ளே பீடத்தண்டை, அசனம் வெளியே பந்தலில். என்னைக் கேட்டால் இரண்டும் ஆராதனைதான்.

கல்யாணமாகித் தூத்துக்குடி வந்தபோது பக்கத்து வீட்டார் கத்தோலிக்கர். சாயங்காலமானால் ஜெபமாலை கேட்கும். ஒருவர் பாதி சொல்ல, மற்றவர்கள் மீதியைச் சொல்வார்கள். "திரும்பத் திரும்ப அதே வார்த்தைதானே அக்கா, அலுக்காதா?" என்று கேட்டேன். "மகன் கடலுக்குப் போயி நேரத்துக்குத் திரும்பலன்னா எனக்குச் சொந்தமா ஒரு வார்த்தையும் வராதும்மா. இது மட்டும்தான் வரும்" என்றார். அதன்பிறகு நான் அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்டதில்லை.

தூத்துக்குடியிலிருந்து:

நாசரேத் அக்கா, எங்கள் கடற்கரைக்கு ஜெபம் வாய்வழியாக வந்தது. 1542இல் வந்த இயேசு சபைக் குரு சவேரியார் தெருத்தெருவாக மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, பரலோக மந்திரத்தையும் 'அருள்நிறைந்த மரியே'யையும் தமிழில் மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்தார். புத்தகமும் வேண்டாம், விளக்கும் வேண்டாம், வலை இழுத்துக்கொண்டே சொல்லலாம்.

பனிமய மாதா திருவிழாவுக்கு ஜூலை 26 கொடியேற்றம் முதல் ஆகஸ்ட் 5 வரை வருகிற கூட்டத்தைப் பார்த்தவர்கள் அதையே எங்கள் பக்தி என்று நினைக்கிறார்கள். நான் அன்பியத்தைத்தான் முதலில் சொல்வேன். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து, முறைவைத்து ஒவ்வொரு வீடாகக் கூடி நற்செய்தி வாசிப்போம். வாசிப்பு முடிந்ததும் யார் வீட்டில் நோய், யாருக்கு வேலை போனது என்று எல்லாம் பேச்சில் வந்துவிடும். அப்பா தவறியபோது வீட்டில் அடுப்பெரியாத நாள்களில் எங்களுக்குச் சாப்பாடு கொடுத்தவர்கள் அந்தக் குடும்பங்கள்தான்.

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். என்னோடு வேலை பார்க்கிற பெந்தெகொஸ்தே அண்ணன் ஒரு வெள்ளிக்கிழமை வந்தார். அன்று அவருக்கு உபவாசம், நாங்கள் நீட்டிய டீயைக்கூட வாங்கவில்லை. அப்பாவின் தலையில் கை வைத்து, கண்ணீர் வடிய, பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக ஜெபித்தார். அப்பாவுக்கு அப்படி ஜெபிக்கிற பழக்கமே கிடையாது. கையில் ஜெபமாலையைப் பிடித்தபடியே ஒவ்வொரு முறையும் 'ஆமென்' சொன்னார். மாலையைக் கீழே வைக்கும்படி அண்ணனும் சொல்லவில்லை.

நாகர்கோவிலிலிருந்து:

நான் பார்த்தது இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) என்கிற கிறிஸ்தவ சபை. சீருடை உண்டு, கொடி உண்டு, பேண்டு வாத்தியம் உண்டு. ஆனால் ஞானஸ்நானமும் திருவிருந்தும் கிடையாது. சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்த எனக்கு அது பெரிய ஆச்சரியம். வெளி அடையாளம் இல்லாமலும் கிருபை வரும் என்று அவர்கள் நம்புகிறார்கள். எனக்கு இன்றும் திருவிருந்து இல்லாத ஞாயிறு குறைதான், அதை மறைக்கவில்லை. ஆனால் அவர்களுடைய கிருபாசனம் எங்கள் சபையிலும் இருந்தால் நன்றாயிருக்கும். மேடைக்கு முன்னால் போட்டிருக்கிற நீளமான பலகை அது. மனதில் பாரம் உள்ளவர் கூட்டத்துக்கு நடுவே எழுந்துபோய் அங்கே முழங்காலிடலாம். தனியாக ஜெபிக்கலாம், வேண்டுமானால் பக்கத்தில் ஒருவர் வந்து சேர்ந்து ஜெபிப்பார். பாட்டு பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.