1931-ல் இறந்தவர் 1934-ல் எப்படி எழுதினார்?

தேங்காப்பட்டணம்:
போன வாரம் ஒருவர் இங்கே, "நான் சொந்த உழைப்பில் வந்தவன், ஊருக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை" என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல். 'நான்' என்று தனியாக ஒன்று கிடையாது. அடுத்தவர் முகத்தைப் பார்த்துத்தான் நம்மை நாமே தெரிந்துகொள்கிறோம். அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜார்ஜ் ஹெர்பர்ட் மீட் 1934-ல் எழுதிய புத்தகத்தில் இதைத்தான் கண்ணாடி என்கிறார். 1951-ல் டால்காட் பார்சன்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் வந்து, சமூகம் ஓர் அமைப்பு, நாம் அதில் ஆளுக்கொரு பாத்திரம் என்று முடித்துவிட்டார். அமைப்புதான் எல்லாம்.

வேளிமலை:
ஒரு பத்தியில் இரண்டு தப்பு அண்ணாச்சி. மீட் 1931 ஏப்ரலிலேயே இறந்துவிட்டார். 1931-ல் இறந்தவர் 1934-ல் எப்படி எழுதினார்? சிகாகோவில் அவர் நடத்திய வகுப்புகளில் எடுத்த குறிப்புகளை வைத்து சார்லஸ் மாரிஸ் தொகுத்த புத்தகம் அது. கண்ணாடி உவமையும் கூலி சொன்னது, 1902-ல். சார்லஸ் ஹார்ட்டன் கூலி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர்.

தேங்காப்பட்டணம்:
யார் தொகுத்தால் என்ன? அட்டையில் மீட் பெயர்தானே இருக்கிறது? நான் கருத்தைப் பற்றிப் பேசினால் நீர் சாவுத்தேதி பார்க்கிறீர்.

வேளிமலை:
கருத்தையும் சேர்த்துத்தான் குழப்பியிருக்கிறீர். கூலி சொன்னதில் மூன்று படி உண்டு. அடுத்தவர் கண்ணுக்கு நான் எப்படித் தெரிகிறேன் என்று நினைப்பது, அதை வைத்து அவர் என்ன முடிவுக்கு வருவார் என்று நினைப்பது, அதனால் வரும் பெருமை அல்லது கூச்சம். அடுத்தவர் உண்மையில் என்ன நினைக்கிறார் என்பது அதில் இல்லை, நம் நினைப்புதான். என் அப்பா ரப்பர் வெட்டுகிறவர். ஒட்டுப்பால் நாற்றம் சட்டையில் ஏறினால் லேசில் போகாது. கல்யாண வீட்டுக்குப் போகிற அன்று இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்து, பெட்டியில் மடித்து வைத்த வேட்டியை உடுத்திக்கொண்டுதான் வருவார். வந்தாலும் பந்தலின் கடைசித் தூண் பக்கத்தில் நிற்பார், எல்லோரும் எழுந்த பிறகுதான் பந்தியில் உட்காருவார். ஒருநாள் நான் குனிந்து அவர் தோளை மோந்து பார்த்தேன். சோப்பு வாசனைதான் இருந்தது. அந்த நாற்றம் அவருக்குள்தான் இருந்தது. கூலியைப் படித்தபோது எனக்கு அந்தத் தூண்தான் ஞாபகம் வந்தது. இதைத் தூக்கி மீட் தலையில் வைத்தால் கோபம் வராதா? அதுவும் இறந்து மூன்று வருஷம் கழித்து எழுதினார் என்று!

தேங்காப்பட்டணம்:
அப்பா கதை சரி. அது நான் சொன்னதைத்தானே காட்டுகிறது? ஊர்தான் அவரைத் தூண் பக்கத்தில் நிறுத்தியது. மீட் அதைத்தான் எழுதினார்.

வேளிமலை:
எழுதவில்லை. 1931.

பழையாறு:
கண்ணாடிக்கு அமெரிக்கா வரை போவானேன்? அய்யாவழிக்காரர்கள் கும்பிடும் சாமித்தோப்புப் பதியில், பள்ளியறைக்குள் சிலை கிடையாது, கண்ணாடிதான். முன்னால் நிற்கிறவன் தன்னையே பார்க்கிறான். அந்த வழியைத் தொடங்கிய அய்யா வைகுண்டர் காலம் 1809 முதல் 1851 வரை. உங்கள் கூலி பிறந்ததே 1864-ல். யார் முந்தி?

வேளிமலை:
அய்யா மேல் எனக்கும் மதிப்பு உண்டு, ஆனால் அந்தக் கண்ணாடி வேறு. கூலியின் கண்ணாடி அடுத்தவர் பார்வை. பதியில் தலைப்பாகை கட்டி நிற்கிறவன் ஊர் என்ன நினைக்கும் என்று பார்க்கவில்லை. ஊர் நினைப்பதைத் தள்ளிவிட்டு, தனக்குள் இருக்கும் இறைவனைப் பார்க்கிறான். இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டுக்குமே அவமரியாதை.

பழையாறு:
நம்ம ஊர்ச் சமாச்சாரம் என்றால் உமக்கு ஒத்துக்கொள்ள மனமே வராது. திருவிதாங்கூர் டச்சுக்காரனை வென்ற குளச்சல் போர் பற்றிப் பேசும்போதும் இப்படித்தான், டச்சுக்காரன் பக்கம் பேசினீர். மறக்கவில்லை.

வேளிமலை:
டச்சுக்காரன் பக்கம் எங்கே பேசினேன்? 1741 என்பதை நீர் 1714 என்று எழுதினீர், திருத்தினேன். அவ்வளவுதான். அந்தக் கோபத்தை இங்கே ஏன் கொண்டுவருகிறீர்?

வடசேரிக்காரி:
அண்ணே, எல்லோரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அமைப்புதான் எல்லாம் என்றால் இந்த மண்ணில் தோள்சீலைப் போராட்டம் எப்படி நடந்தது? ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மாராப்பு போடக் கூடாது என்றது அமைப்பு. போட்டுக்கொண்டுதான் சந்தைக்குப் போவேன் என்று அடி வாங்கினார்கள் நம் பாட்டிமார். 1859-ல் திருவிதாங்கூர் அரசு இறங்கி வந்து அறிவிப்பு விட வேண்டியதாயிற்று. மீட் மனிதனுக்குள் இரண்டு பங்கு சொல்கிறார். ஊரின் எதிர்பார்ப்பைச் சுமக்கிற பங்கு ஒன்று, அதற்குப் பதில் சொல்கிற பங்கு இன்னொன்று. அந்தப் பதில் எப்படி வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. தேங்காப்பட்டணம் அண்ணன் இரண்டாவதை விழுங்கிவிட்டார். அண்ணன் சொல்கிற பார்சன்ஸ் கணக்கில் சந்தைக்குப் போன அந்தப் பெண்ணுக்கு என்ன பாத்திரம்?

தேங்காப்பட்டணம்:
பார்சன்ஸ் மாற்றத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறார் தங்கச்சி, முழுசாகப் படிக்க வேண்டும். மீட் 1934-ல் சொன்ன அந்த இரண்டாவது பங்கும் ஊருக்குள்ளிருந்து வருவதுதான்.

வேளிமலை:
தங்கச்சி நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள், அதற்குப் பதில் சொல்லாமல் மறுபடியும் 1934! இறந்தவர் எப்படி ஐயா சொல்வார்? "1934-ல் வெளிவந்தது" என்று மாற்றும், நான் போய்விடுகிறேன்.

தேங்காப்பட்டணம்:
மாற்ற மாட்டேன். அட்டையில் அவர் பெயர்தான் இருக்கிறது.

வடசேரிக்காரி:
நான் கேட்டது அப்படியே கிடக்கிறது.

பழையாறு:
1714 கைதவறி விழுந்த எண் என்று அன்றைக்கே சொன்னேன். அதை ஏன் இன்னும் சொல்லிக்காட்டுகிறீர்?

வேளிமலை:
ஆரம்பித்தது நீர். அண்ணாச்சி, உம் முதல் பதிவு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. 1931.