சுங்கை சிப்புட் (மலேசியா) குடும்பக் குழு: ஆடி 18

சின்னத்தை: நாளைக்கு ஆடிப்பெருக்கு. புளி சாதமும் தேங்காய் சாதமும் என் பொறுப்பு. தாலிக் கயிறு மாற்றுகிறவர்கள் மஞ்சள் கயிறு எடுத்து வந்துவிடுங்கள்.

கவிதா: மாமா, அது ஏன் 18? 15, 20 என்று வைத்திருக்கக் கூடாதா?

பெரிய மாமா: குடகு மலையில் மழை கொட்டி, ஆடி நடுவில்தான் காவிரி பெருகி வரும். அந்தப் புதுத் தண்ணீரைக் கும்பிட்டுவிட்டு விதைப்பார்கள். திதி, நட்சத்திரம் எதுவும் பார்ப்பதில்லை, பொங்கல் மாதிரி தேதிதான் கணக்கு.

பெரிய மாமா: ஆனால் 18 மேல் நம்மவர்களுக்கு ஒரு பிடிப்பும் உண்டு. பாரதப் போர் 18 நாள், கீதை 18 அத்தியாயம், சபரிமலையில் 18 படி. எட்டுத்தொகையும் பத்துப்பாட்டும் சேர்ந்தால் 18. சித்தர்களும் 18 பேர், ஆனால் ஆளுக்கொரு பட்டியல் வைத்திருப்பார்கள். பெயர் மாறும், எண்ணிக்கை மட்டும் மாறாது! பதினெண்கீழ்க்கணக்கு என்ற 18 பழைய நூல்களின் தொகுப்பிலும் அதே கதைதான். பதினெட்டாவது நூல் இன்னிலையா கைந்நிலையா என்று அறிஞர்கள் வாதாடினார்கள். பதினேழோடு நிறுத்த யாருக்கும் மனம் வரவில்லை. எண்ணை முதலில் வைத்துக்கொண்டு, அதை நிரப்ப ஆள் தேடியிருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சின்னத்தை: அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பரை விட்டுவிட்டீர்களே அண்ணா. அவர் முன்னால் பொய்ச் சத்தியம் செய்ய எவனுக்கும் துணிச்சல் வராது.

பெரியம்மா: ரப்பர் தோட்டத்தில் காவிரிக்கு எங்கே போவது? ரப்பர் பால் வெட்டு முடிந்து, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் எல்லாரும் ஆற்றுக்குப் போவோம். வாழைமட்டையில் மாவிளக்கு வைத்து, திரி நனையாமல் மெல்லத் தள்ளிவிடுவார் அம்மா. ரப்பர் இலை மிதக்கிற தண்ணீர்தான், எங்களுக்கு அதுவே காவிரி.

கவிதா: அழகா இருக்கு பெரியம்மா ❤️ எனக்கும் இந்த வருடம் 18!

பெரிய மாமா: அப்படியென்றால் உனக்கு ஓட்டு உண்டு. 2019 ஜூலையில் நாடாளுமன்றம் ஓட்டு வயதை 18 ஆக்கி அரசியலமைப்பைத் திருத்தியது, 2021 டிசம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு 21 வயது ஆகவேண்டும், பெயரையும் நாமே போய்ப் பதிய வேண்டும். இப்போது தானாகவே சேர்ந்துவிடும். இருந்தாலும் பட்டியலில் உன் பெயர் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடு.

கவிதா: சரி மாமா, பார்க்கிறேன்.

பெரியம்மா: மாவிளக்குக்கு அரிசி ஊற வைத்துவிட்டேன். வாழைமட்டை யார் வெட்டி வருகிறீர்கள்?

கவிதா: நான் கொண்டு வருகிறேன். எத்தனை வேண்டும்?

பெரியம்மா: வீட்டுக்கு ஒன்று.