தோடு ஓட்டையில் மன அமைதியா?

தொண்டிக்காரன்:
கீழக்கரை காக்கா நேற்று இங்கே எழுதியது இது: "சிறைக்காவலர்களின் மன அழுத்தத்துக்குக் காது அக்குபஞ்சர் கைகண்ட மருந்து. நம் முன்னோர் காது குத்தியதே அதற்குத்தான், தோடு போடும் இடம்தான் மனசு அடங்கும் புள்ளி." இதை வாசித்ததிலிருந்து எனக்குத்தான் மன அழுத்தம். அந்த முறையில் ஒரு காதுக்கு ஐந்து ஊசி. மனசுக்கென்று சொல்கிற ஷென்மென் புள்ளி காதின் மேல்பக்கம், முக்கோணப் பள்ளத்தில் இருக்கிறது. தோடு போடுவது கீழே, சோணையில். சீனர்களின் காதுப் புள்ளி வரைபடத்தில் சோணையின் நடு கண்ணுக்கு உரிய இடம். மேலே எங்கே, கீழே எங்கே?

கீழக்கரை காக்கா:
காது குத்தினால் கண் தெளியும் என்று எங்கள் உம்மா சொன்னது சரிதான் என்று நீயே சாட்சி சொல்லிவிட்டாய், நன்றி தம்பி. தேவிபட்டினம் கடலில் நிற்கும் நவகிரகக் கல் எட்டுதான் என்று போன வருடம் இரண்டு நாள் சாதித்த ஆள்தானே நீ?

தொண்டிக்காரன்:
அன்றைக்கு அலை அதிகம், ஒரு கல் தெரியவில்லை. அதை விடுங்கள். எங்கள் அப்பத்தா காதில் கனமான தண்டட்டி போட்டவள். சோணை தோள் வரை தொங்கும், சின்ன வயதில் அந்த ஓட்டைக்குள் இரண்டு விரலை விட்டு ஆட்டியிருக்கிறேன். நீங்கள் சொல்வது உண்மையென்றால் சேதுசீமையிலேயே சாந்தமான பொம்பளை அவளாகத்தான் இருந்திருக்க வேண்டும். அவள் வாயைத் திறந்தால் மேய்கிற ஆடு தானாகப் பட்டிக்குள் போய்விடும்.

வார்டர் வீட்டம்மா:
அண்ணன்மார் இரண்டு பேரும் சோணையை விடுங்கள். என் வீட்டுக்காரர் சிறையில் வார்டர். இரவு டியூட்டி முடிந்து வந்தால் கதவுத் தாழ்ப்பாளை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். அப்புறம் தூங்குகிற பிள்ளைகளை விரல் நீட்டி எண்ணுவார். எங்களுக்கு இருப்பதே இரண்டு பிள்ளை. நாலு வாரம் காதில் ஊசி போட்டுக்கொண்டார். இப்போது தூங்குகிறார். ஊசி எந்தப் பள்ளத்தில் இறங்கியது என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

தொண்டிக்காரன்:
தங்கச்சி, அவர் தூங்குவது எனக்கும் சந்தோஷம். ஆனால் தூங்க வைத்தது ஊசியா? இந்த ஐந்து ஊசி முறை 1970களில் நியூயார்க்கில் லிங்கன் மருத்துவமனையில் போதை நோயாளிகளுக்காக வளர்ந்தது. அப்புறம் அமெரிக்காவில் கொக்கைன் பழக்கம் உள்ள 620 பேரை மூன்று கூட்டமாகப் பிரித்து, ஒன்றுக்குச் சரியான புள்ளியில் ஊசி, இன்னொன்றுக்கு வேறு இடத்தில் ஊசி, மூன்றாவதுக்கு மனசை இளக்கும் வீடியோ மட்டும் என்று கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2002ல் வந்தது. மூன்றும் ஒன்றுதான், ஊசிக்கு எந்தக் கூடுதல் பலனும் இல்லை. எண்ணி எண்ணிப் பூட்டுகிற மனுஷனை அரை மணி நேரம் யாரும் கூப்பிடாமல் நாற்காலியில் சாய விட்டால் ஊசி இல்லாமலும் தூக்கம் வரும். அதுவும் சோணையில்...

கீழக்கரை காக்கா:
வார்டர் என்ன கொக்கைனா போடுகிறார்? பதற்றத்தைப் பற்றிக் கேட்டால் போதைக் கணக்கு. அக்குபஞ்சரைத் தனி சிகிச்சை முறை என்று மத்திய அரசே 2019ல் ஏற்றுக்கொண்டது. உடம்பை அமைதிப்படுத்துகிற வேகஸ் நரம்பின் கிளை காதுக்கு வருகிறது, இது டாக்டர் புத்தகத்திலேயே இருக்கிறது.

தொண்டிக்காரன்:
வருகிறது, காதுக்குழிப் பக்கம். சோணைக்கு வருவது கழுத்திலிருந்து ஏறுகிற வேறு நரம்பு. சோணைக்கு வேகஸ் வராது, வராது, வராது. அரசு ஏற்றுக்கொண்டது படித்து ஊசி போடுகிறவரை. ஆசாரி கையால் குத்திய கம்மல் ஓட்டையை அல்ல.

பாம்பன் மாப்ள:
பூட்டுகிறவனுக்கு இத்தனை கவலையா? எங்கள் மச்சான் படகோடு பிடிபட்டு யாழ்ப்பாணச் சிறையில் நாலு மாதம் கிடந்தான். இப்பவும் ராத்திரி இரும்புச் சத்தம் கேட்டால் எழுந்து உட்காருகிறான். அவனுக்கு எந்த ஊசி?

தொண்டிக்காரன்:
பாவம்தான். ஆனால் இழுவைமடி போட்டு அடிமண் வரை வாரிவிட்டு, மீன் இல்லை என்று எல்லை தாண்டினால்?

பாம்பன் மாப்ள:
ஏன், தொண்டியில் விசைப்படகே இல்லையா? கரையில் உட்கார்ந்து காதை ஆராய்ச்சி செய்கிறவர் கடலைப் பற்றிப் பேச வேண்டாம்.

தொண்டிக்காரன்:
என் தகப்பன் நாட்டுப்படகு, தெரிந்துகொள். உங்கள் மடி எங்கள் வலையை அறுத்த கணக்கு இன்னும் தீரவில்லை.

வார்டர் வீட்டம்மா:
மாதத்தில் எத்தனை லீவு கிடைக்கிறது என்று ஒருத்தராவது என்னிடம் கேட்டீர்களா?

கீழக்கரை காக்கா:
அது அப்புறம்மா. தொண்டி, வெள்ளிக்கிழமை கடைப்பக்கம் வா. ஊசி தெரிந்த ஆளைக் கூட்டி வருகிறேன், உன் காதிலேயே குத்திப் பார்ப்போம்.

தொண்டிக்காரன்:
வருகிறேன். மேலேயா, சோணையிலா? அதை முதலில் இங்கேயே எழுதிக் கொடுங்கள்.