மேலமாசி வீதி மக்கள் என்ற குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் கார்த்தியின் 1,186 ரூபாய் பில்

ஞாயிறு, மாலை 5:12

கார்த்தி தம்பி: [படம்]

கார்த்தி தம்பி: எல்லாரும் வாங்க வாங்க. தாம்பரத்துல நம்ம தெரு முனையில புது சூப்பர் மார்க்கெட் தொறந்துட்டாங்க. நேத்து ஒரு ரவுண்டு போனேன். இதுவரைக்கும் திங்காததா பாத்து வாங்கியிருக்கேன். ஒவ்வொண்ணா பிரிச்சு மார்க் போடப்போறேன்

தாம்பரம் சித்தி: பில் எவ்வளவுன்னு சொல்லு

கார்த்தி தம்பி: 1,186

கார்த்தி தம்பி: அதுல பைக்கு 9 ரூவா

தாம்பரம் சித்தி: நான் வாங்கிட்டு வரச்சொன்னது ரெண்டு கிலோ துவரம்பருப்பு. அது மட்டும் வரல

மதுரை பெரியம்மா: கண்ணு அந்த சிவப்பு பாக்கெட் என்னது. தலகாணி மாதிரி உப்பியிருக்கு

கார்த்தி தம்பி: கொரியன் காரம் போட்ட சிப்ஸ் பெரியம்மா. 50 ரூவா. இருங்க பிரிக்கிறேன்

கார்த்தி தம்பி: [வீடியோ 0:14]

மதுரை பெரியம்மா: பாதிக்கு மேல காத்து தானடா இருக்கு. காத்துக்கா காசு குடுத்த

கோவை அண்ணி: அது வெறும் காத்து இல்லீங்க பெரியம்மா, நைட்ரஜன். சாதா காத்துல ஆக்சிஜன் இருக்கறதால எண்ணெய்ப் பண்டம் சீக்கிரம் சிக்கு வாடை அடிச்சுரும். நைட்ரஜன் அடைச்சா அந்தத் தொந்தரவு இல்லீங்க. லாரியில வரும்போது நொறுங்காமலும் இருக்கும்

நான்: அண்ணி லேப்ல வேலை பாக்கறதால பாக்கெட்டப் பாத்து ஏமாறாம தப்பிச்சுட்டாங்க. நாம வாங்குறது பாக்கெட் சைஸ் பாத்து இல்ல, எடை பாத்துன்னு யாராச்சும் இவனுக்கு சொல்லுங்க

கார்த்தி தம்பி: சாப்பிட்டாச்சு. மொதல்ல இனிப்பு, அப்புறம் புளிப்பு, கடைசில காது சூடாகுது. 10க்கு 7

கார்த்தி தம்பி: அடுத்து மக்கானா, பெரி பெரி மசாலா. 199

மதுரை பெரியம்மா: தாமரை விதை தான அது. டிவில காட்டுனாய்ங்க

கோவை அண்ணி: கடையில அப்படித்தான் சொல்றாங்க. உண்மையில தாமரை இல்லீங்க, அல்லிக் குடும்பத்துச் செடி, இலையெல்லாம் முள்ளா இருக்கும். பீகார் பக்கம் குளத்துல இறங்கி அடியில கிடக்கற விதைய அள்ளி எடுப்பாங்க. காயவெச்சு, வறுத்து, சூட்டோட கட்டையால தட்டுனா பொரி மாதிரி வெடிக்கும். மிதிலா மக்கானாவுக்கு 2022ல புவிசார் குறியீடே குடுத்துட்டாங்க

தாம்பரம் சித்தி: நானும் ஒண்ணு எடுத்து வாயில போட்டேன். தெர்மாகோல்ல மிளகாப்பொடி தூவுன மாதிரி இருக்கு

கார்த்தி தம்பி: அம்மாவோட மார்க் செல்லாது. 6

கோவில்பட்டி மாமா: மருமவனே, படத்துல மூணாவதா பச்சையா தங்கக் கலர்ல இருக்கே, அது என்னா வெல?

கார்த்தி தம்பி: அதுதான் மாமா மெயின் ஐட்டம். துபாய் ஸ்டைல் சாக்லேட். பிஸ்தா குனாஃபா

கோவில்பட்டி மாமா: வெலயக் கேட்டேன்

கார்த்தி தம்பி: 399

கோவில்பட்டி மாமா: எத்தன கிராமு?

கார்த்தி தம்பி: 90

கோவில்பட்டி மாமா: 😶

நான்: மாமா கடையில கல்லாவ மூடிட்டு உக்காந்துருப்பாரு

கார்த்தி தம்பி: மாமா இது உலகமே திங்கிற ஐட்டம். 2021ல துபாய்ல ஒரு கடை ஆரம்பிச்சது. 2023 கடைசில ஒரு வீடியோ ஓடி ஓடி வைரலாச்சு. இப்ப நம்ம ஊர் பேக்கரி வரைக்கும் வந்துருச்சு. உடைக்கிறேன் பாருங்க, சத்தம் கேக்கும்

கார்த்தி தம்பி: [குரல் பதிவு 0:04]

மதுரை பெரியம்மா: அப்பளம் நொறுங்குற சத்தம்

கார்த்தி தம்பி: [படம்]

மதுரை பெரியம்மா: உள்ள நூல் நூலா இருக்கே. சேமியாவா

கோவை அண்ணி: கிட்டத்தட்ட அப்படித்தானுங்க. கதாயிஃப்னு சொல்லுவாங்க. கோதுமை மாவுல மயிரிழை கணக்கா இழுத்த இழை. வெண்ணெய்ல பொன்னிறமா வறுத்து, பிஸ்தா விழுது, எள்ளு விழுதெல்லாம் சேர்த்து உள்ள வெப்பாங்க

மதுரை பெரியம்மா: அப்ப நெய்யில வறுத்த சேமியா. நான் பாயசத்துக்கு வறுக்கும்போது இதே கார்த்தி தான் சட்டியில கைய விட்டு அள்ளித் திம்பான். அதுக்கு யாரும் 399 குடுக்கல எனக்கு

தாம்பரம் சித்தி: 😂😂😂

கோவை அண்ணி: கார்த்தி, பின்னாடி சேர்மானம் போட்டிருக்கறத படம் எடுத்துப் போடு. எதை அதிகமா போட்டாங்களோ அது மொதல்ல இருக்கும். எடை வரிசையிலதான் எழுதணும்

கார்த்தி தம்பி: [படம்]

கோவை அண்ணி: சர்க்கரை, தாவர எண்ணெய், கோகோ, பால் பவுடர், கோதுமை இழை… பிஸ்தா ஆறாவது. 4 சதவீதம்

நான்: 90 கிராமுல 4 சதவீதம்னா மூணரை கிராம். நாலஞ்சு பருப்பு

கார்த்தி தம்பி: பச்சைக் கலரு?

கோவை அண்ணி: கடைசி வரியப் படி

கார்த்தி தம்பி: 😑

கோவில்பட்டி மாமா: எங்க ஊரு கடலை மிட்டாயில கடலையும் வெல்லமும் தாம்லே. கரிசக்காட்டுக் கடலை. 2020ல புவிசார் குறியீடு வாங்கியாச்சு. பாகு பதம் தப்புனா கல்லு, பதம் வந்தா கண்ணாடி. 399க்கு நான் ஒரு பெட்டி அனுப்புவேன், உங்க தெருவே திங்கலாம்

கார்த்தி தம்பி: மாமா அதுக்கு மேலயும் பச்சை, மஞ்சள், ரோஸ்னு தேங்காய்ப்பூ தூவுறாங்க. அது மட்டும் கலர் இல்லியா

கோவில்பட்டி மாமா: அது அழகுக்கு

கார்த்தி தம்பி: இதுவும் அழகுக்குத்தான்

கார்த்தி தம்பி: ஆனா உண்மையச் சொல்றேன், நல்லாருக்கு. மொறுமொறுன்னு. 8. விலைக்கு 2

தாம்பரம் சித்தி: இளநீர் ஐஸ்கிரீம்னு ஒரு டப்பா 299க்கு வாங்கியிருக்கான். அதுல ஐஸ்கிரீம்னே போடல, ஃப்ரோசன் டெசர்ட்னு போட்டுருக்கு

கோவை அண்ணி: பால் கொழுப்புக்குப் பதிலா தாவர எண்ணெய் சேர்த்தா ஐஸ்கிரீம்னு போடக்கூடாதுங்க சித்தி. அதான்

தாம்பரம் சித்தி: எண்ணெய்ய உறைய வெச்சுத் தாராங்களா. ருசி என்னவோ நல்லாத்தான் இருக்கு, பாழாப்போனது

மாலை 6:03

கார்த்தி தம்பி: அடுத்து குடிக்கிறது. கொய்யா மிளகாய் கேன் 60, பன்னீர் சோடா 40

மதுரை பெரியம்மா: பன்னீர் சோடாவா. குடிச்சுட்டு சொல்லு, கல்யாண வீட்டு வாசனை வருதா

கார்த்தி தம்பி: அப்படியே வருது பெரியம்மா. வாசல்ல பன்னீர் தெளிச்சா வாயில விழுந்த மாதிரி. 9

கார்த்தி தம்பி: கொய்யா மிளகாய் 8. ஸ்கூல் வாசல்ல கொய்யாக்காயக் கீறி மிளகாப்பொடி உப்பு தடவித் தருவாங்களே, அதைத் தண்ணியாக்கிட்டாங்க

கோவில்பட்டி மாமா: போவோண்டோ வாங்கலியா?

கார்த்தி தம்பி: அது புதுசு இல்லியே மாமா

கோவில்பட்டி மாமா: புதுசு என்னலே புதுசு. போவோண்டோ போடுற காளிமார்க் 1916ல விருதுநகர்ல ஆரம்பிச்ச கம்பெனி. 2017ல ஜல்லிக்கட்டு போராட்டம் முடிஞ்ச கையோட, மார்ச் 1லருந்து வெளிநாட்டு கோலா விக்க மாட்டோம்னு வணிகர் சங்கம் சொல்லிச்சுல்லா, அப்ப என் கடையில போவோண்டோ காலைல எறக்குனா சாயங்காலம் இருக்காது. இப்ப எல்லா கூல்டிரிங்ஸும் மறுபடி வந்தாச்சு. கேஸ் நிறைஞ்ச சரக்குக்கு ஜிஎஸ்டி 40. உன் சாக்லேட், சிப்ஸ், மிக்சருக்கெல்லாம் 2025 செப்டம்பர் 22லருந்து 5 சதவீதம்

நான்: 5 ஆக்கியும் அந்த துபாய் 399 தானா

கோவில்பட்டி மாமா: அதக் கேளு

கார்த்தி தம்பி: கடைசி ஐட்டம். பேரீச்சை ரோஸ்மில்க், ரெண்டு பாட்டில், 65 வீதம். சில்லுனு இருக்கட்டும்னு ஃப்ரிட்ஜ்ல வெச்சேன். ஒரு நிமிஷம்

கார்த்தி தம்பி: அம்மா ரோஸ்மில்க் எங்க

தாம்பரம் சித்தி: நான் தொடல

கார்த்தி தம்பி: ரெண்டும் காணோம்

தாம்பரம் சித்தி: டேய் சத்தம் போடாத. கண்ணு காட்ட ஊர்லருந்து வந்த அத்தான் ஹால்ல தூங்குறாங்க

நான்: அப்பா தூங்கல. ஆன்லைன்ல இருக்காரு

அம்மா: என்னங்க

அம்மா: என்னங்க நீங்களா

அப்பா: கண் ஆஸ்பத்திரில வெயில்ல நிக்க வெச்சுட்டாங்க. வந்ததும் தாகம். முன்னால வெள்ளைச் சர்க்கரை சேர்க்கப்படவில்லைன்னு கொட்டை எழுத்துல போட்டிருந்தது. படிச்சுட்டுத்தான் குடிச்சேன்

நான்: ஞாயித்துக்கிழமை எந்த கண் ஆஸ்பத்திரிப்பா

அப்பா: நேத்து வெயில் பட்டது

அம்மா: ஒண்ணா ரெண்டா

அப்பா: ஒண்ணு குடிச்சேன். நல்லா இருந்தது

அப்பா: அப்புறம் இன்னொண்ணு

கோவை அண்ணி: மாமா, காலி பாட்டில் பக்கத்துல இருந்தா பின்பக்கம் படம் எடுத்துப் போடுங்க

அப்பா: [படம்]

கோவை அண்ணி: கலங்கலா இருக்குங்க மாமா. கட்டைவிரல எடுங்க

அப்பா: [படம்]

கோவை அண்ணி: பால், பேரீச்சைப் பாகு, ரோஸ் ஃபிளேவர். வெள்ளைச் சர்க்கரை போடலைங்கறது நெஜந்தான். ஆனா பேரீச்சைப் பாகுல இருக்கறதும் சர்க்கரை தானுங்க. இங்க பாருங்க, மொத்த சர்க்கரை 14 கிராம்னு போட்டிருக்கு. அது 100 மில்லிக்கு. பாட்டில் 200 மில்லி

நான்: ரெண்டு பாட்டில்னா 56 கிராம். ஸ்பூனுக்கு 5 கிராம்னு வெச்சாலும் 11 ஸ்பூன்

அம்மா: காப்பிக்கு அரை ஸ்பூன் போட்டுக் கேட்டதுக்கு நான் முறைச்சேன்னு மூணு நாள் பேசாம இருந்த மனுசன்

அப்பா: பழச்சாறுன்னு நினைச்சேன்

கோவை அண்ணி: பழச்சாறுன்னாலும் பாத்துத்தான் குடிக்கணுங்க. கெட்டிச் சாறுல தண்ணி கலந்துட்டு 100 சதவீதம் பழச்சாறுன்னு போடறாங்கன்னு, 2024 ஜூன்ல உணவுப் பாதுகாப்பு ஆணையமே அந்த வாசகத்த எடுக்கச் சொல்லிருச்சு. முன்பக்கம் விளம்பரங்க மாமா, பின்பக்கந்தான் சரக்கு

அம்மா: தங்கச்சி, அவரு பையில சுகர் பாக்குற மெஷின் வெச்சு அனுப்பியிருக்கேன். குத்திப் பாரு

மாலை 6:41

தாம்பரம் சித்தி: [படம்]

அம்மா: 268

மதுரை பெரியம்மா: முருகா

தாம்பரம் சித்தி: பயப்படாதக்கா. நல்லாத்தான் பேசிட்டு இருக்காங்க. ராத்திரி மாத்திரை எப்பவும் போல போட்டுக்கிட்டு, சோத்துக்குப் பதிலா ரெண்டு இட்லி போதும்னுட்டாங்க. காலைல வெறும் வயித்துல மறுபடி பாத்துட்டு டாக்டர்ட்ட பேசிக்கிறோம். இப்ப மொட்டை மாடில நடக்க அனுப்பியிருக்கேன்

கார்த்தி தம்பி: நானும் கூட நடக்கிறேன். பெரியப்பா ரோஸ்மில்க்குக்கு எவ்வளவு மார்க்னு கேட்டேன்

நான்: என்ன சொன்னாரு

கார்த்தி தம்பி: 10க்கு 10 ஆம். அம்மாகிட்ட சொல்லாதன்னாரு

அம்மா: நான் இதே குரூப்ல தாண்டா இருக்கேன்

கோவில்பட்டி மாமா: அத்தான், உங்களுக்குன்னு எடுத்து வெச்ச கடலை மிட்டாய் பெட்டிய இப்ப அனுப்பட்டுமா வேண்டாமா?

அப்பா: அனுப்பு. கார்த்திக்குன்னு பேர் போட்டு அனுப்பு

அம்மா: தம்பி, அனுப்புன உன் கைய ஒடிப்பேன்

அம்மா: நாளைக்குக் காலையில வைகைல நானே கிளம்பி வாரேன்

தாம்பரம் சித்தி: வாக்கா வாக்கா. வரும்போது ரெண்டு கிலோ துவரம்பருப்பு வாங்கிட்டு வா